பளபளத்த பொறிகள்

செவ்வாய்க்கிழமை, நாகலூர்.

காப்பிக்காயைத் துளைக்கும் வண்டுகளைப் பிடிக்க எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த பொறிகளைப் பார்க்க, இன்று பேராசிரியரோடு சரசக்கா தோட்டத்துக்குப் போனேன். பொறிகள் பளபளத்தன. சந்தனம், குங்குமம் வேறு. மூன்று மாதமாக விழுந்த வண்டுகள், அதாவது என் ஆய்வேட்டில் பாதி, ஒன்றுகூட இல்லை.

"பெரியவங்க வர்றப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும் கண்ணு? நேத்தே நொம்ப நேரம் தேய்ச்சுக் கழுவிட்டேன்" என்று அக்கா என் காதில் சொன்னார்.

பேராசிரியர் காலிப் பொறிக்குள் எட்டிப் பார்த்தார். "வண்டையே ஒழிச்சுட்டோம்! சாதனை அறிக்கையில இதுதான் முதல் பக்கம்" என்று படம் எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா காப்பி கொடுத்துவிட்டார்.

"இன்னிமே யாராச்சும் வந்தா முன்னாடியே சொல்லீரு கண்ணு."

வெள்ளிக்கிழமை துணைவேந்தர் பொறிகளைப் பார்க்க வருகிறார்; அதற்குள் புது வண்டுகள் விழுந்திருக்கும். அக்காவிடம் சொன்னால் என் வண்டுகள் போகும். சொல்லாவிட்டால் பேராசிரியரின் மானம் போகும்.