வெள்ளைப் பூவுக்குச் சொன்ன பொருள்

அண்ணா,

இன்றைக்கும் பட்டறையில் ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான். கொரோனா அடைப்பு முடிந்து, பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடுகள் திரும்ப வந்த வருஷம் அது. மோட்டார் தொழிலை விட்ட நீங்கள், உங்கள் மச்சானையும் என்னையும் சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களே பூட்டி ஓட்டுகிற ரோபோ வண்டி கிட் போட ஆரம்பித்தீர்கள். எனக்கு ஒயர் பற்றவைக்கிற வேலை.

வண்டிக்கு எந்த மொழியில் புரோகிராம் எழுதுவது என்பதில்தான் சண்டை. உங்களுக்கு பைத்தான். "ஒரு வரி அடிச்சா சக்கரம் அப்பவே சுத்துது பாரப்பா. அதுலதான் ருசி புடிக்கும்" என்பீர்கள். பாலிடெக்னிக்கில் காலமெல்லாம் சி சொல்லிக்கொடுத்த மச்சான் விடவில்லை. "சி-ன்னா சின்ன போர்டே போதுமுங்க மாப்ள. உங்க பைத்தானு தேராட்ட அசைஞ்சு அசைஞ்சல்ல போகுது!"

பேச்சு முற்றி, "அப்ப நான் எதுக்குங்க இங்க?" என்று டிபன் பாக்ஸோடு எழுந்துவிட்டார். சம்சாரம் இறந்துபோன பிறகு அவருக்கு இந்தப் பட்டறையை விட்டால் போக்கிடம் இல்லை.

கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் கேட்பதுபோல வெள்ளைப்பூ ஒன்றும் செவப்புப்பூ ஒன்றும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்து, மாரியம்மனிடம் பூவாக்குக் கேட்டோம். எந்தப் பூவுக்கு எது என்று மனதில் நினைப்பவர் நீங்கள்; பொட்டலம் எடுப்பவன் நான். வாசலிலேயே என் காதில் சொன்னீர்கள்: "வெள்ளைப்பூ வந்தா பைத்தான், செவப்பு வந்தா சி."

பிரித்தேன். வெள்ளை. மச்சான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளைக்கு சி-ன்னுதானுங்க நெனச்சேன். அம்மன் உங்க பக்கம் மச்சான்" என்றீர்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் புரோகிராமை மறுபடி முழுசாய் போர்டில் ஏற்றிக் காத்திருந்தீர்கள். வரிக் கடைசியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு அவரிடம் திட்டு வாங்கினீர்கள். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தீர்கள். கண் மூடுகிறவரைக்கும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது கிட் வாங்க வருகிறவர்கள் எல்லாம் பைத்தான்தான் கேட்கிறார்கள். மச்சானுக்கும் மாற்ற ஆசைதான். ஆனால், "அம்மன் வாக்க மீற நாம யாருங்க?" என்று விற்காத பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இப்படியே போனால் பட்டறை தை மாதம் வரை தாங்காது. இந்த ரகசியத்தைச் சுமக்க எனக்கும் தெம்பில்லை அண்ணா.

நான் கைநாட்டு. சொல்லச் சொல்ல எழுதித்தர, என்னை விட்டால் நம்மில் மிச்சம் இருப்பது ஒருவர்தான். வாசலில் நீங்கள் என் காதில் சொன்னதைச் சொன்ன இடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்றார், உங்கள் மச்சான் பழனிச்சாமி.