அப்பாவுக்கு விட்ட பாதி

கப்பலில் இருக்கும் உங்களுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

நம் பெண் லுனிங் பாடிச் சேர்த்து வைத்த இணையக் கரோக்கி தளத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். கணினிக் கடை மாரிதெஸ் அவள் பாட்டையெல்லாம் பென்டிரைவில் இறக்கிக் கொடுத்தாள். ஒன்று மட்டும் இறங்கவில்லை.

"அக்கா, இது ஜோடிப் பாட்டு. உங்க பொண்ணு தன் பாதியப் பாடிட்டு, மீதிய அப்பாவுக்குன்னு விட்டு வச்சிருக்கா. அவர் பாடினாத்தான் இறங்கும்."

"நான் பாடட்டுமா?"

"நீங்க பாடினா கடைப் பூனையே ஓடிடும். கேக்கத்தான் முடியும், பாடுறது அவர் கணக்குலதான்க்கா."

பாட்டைப் போட்டுக் கேட்டேன். தன் வரி முடிந்ததும், "அப்பா, இப்ப நீங்க" என்கிறாள். பிறகு வெறும் இசை. அதற்கடியில் அவள் மூச்சு விடுவது கேட்கிறது. காத்திருக்கிறாள்.

அவள் அடக்கத்துக்காகக் கப்பலைத் திருப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பதாம் நாள் அவளுக்குச் சோறு படைத்தபோது, கை பழக்கத்தில் பக்கத்தில் உங்கள் தட்டையும் வைத்துவிட்டேன். "உயிரோட இருக்கிறவனுக்கா படைக்கிற?" என்று உங்கள் அக்கா கத்தினார். எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் அந்தப் பாட்டைத் திறந்துவிடுங்கள். பாட வராவிட்டால் பரவாயில்லை. உங்கள் முறை வரும்போது சும்மா மூச்சு விடுங்கள். அவளுக்கு அது போதும்.

இப்படிக்கு,
அவள் அம்மா