படித்துக்கொண்டிருக்கிறேன்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. உங்கள் மகள் நலம். என்னைப் பற்றி, முழுவதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை போனில் கடிதம் கிடைத்ததா என்று கேட்டீர்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்கு முந்தின வெள்ளியும் அதையேதான் சொன்னேன். இரண்டு பக்கக் கடிதத்தை எத்தனை நாள்தான் படிப்பாய் என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் நீங்களும் நிறுத்திக்கொண்டீர்கள். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சத்தியமாக இல்லை, உள்ளதைத்தான் சொன்னேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வரும், பெரிய விஷயங்களை எழுதித்தான் பேசிக்கொள்வது என்று நாமே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோமே, அதன்படி இதையும் எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள். நான் நடக்கிறேன், சமைக்கிறேன், வாயும் அப்படியேதான் இருக்கிறது.

இன்றைக்குப் பதினைந்து நாளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. எழுந்தபோது பின்தலையில் லேசான பாரம். சமையலறைக்குள் போகும்போது வலது தோள் கதவு நிலையில் இடித்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தால், எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. சுழியும் கொம்பும் காலுமாக ஏதோ ஒரு பாஷை. படங்கள் பளிச்சென்று தெரிகின்றன, எழுத்து மட்டும் அந்நியம். எனக்கு வந்ததே கோபம். அடுத்த வீட்டு வாசலில் நின்ற பேப்பர்காரரைக் கூப்பிட்டு, "யார் வீட்டுப் பேப்பரைங்க எங்க வீட்ல வீசிட்டுப் போறீங்க? எந்த ஊரு பாஷை இது?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பேப்பர்தாம்மா இது" என்று முதல் பக்கச் செய்தியை அங்கேயே நின்று உரக்க வாசித்துக் காட்டினார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் நம் பாஷை. அவர் விரல் காட்டிய இடத்தில் இருந்ததோ கோலம்.

உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தேன், பேஸ்ட்டைப் பார்த்தேன், டப்பாக்களின் மேல் நானே எழுதி ஒட்டிய சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் அதே அந்நிய பாஷை. ராத்திரி யாரோ வீட்டுக்குள் வந்து எல்லா எழுத்தையும் மாற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

என் பிடிவாதம்தான் தெரியுமே. கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். டாக்டர் எழுதியது டாக்டருக்கே புரியாவிட்டால் அக்காவிடம் கொண்டு போ என்று ஊரே சொல்லும். முதலில் வந்தவர் மாதா மாதம் வருகிற ரத்தக் கொதிப்புக்காரர். சீட்டை நீட்டினார். அதில் புழு நெளிந்தது. ஆனால் என் கை தன் பாட்டுக்குப் போய் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவிட்டது. சரியான மருந்தாகத்தான் இருக்கும். ஆனால் பெயரைப் படிக்க முடியவில்லை. படிக்காமல் எடுத்த மருந்தை எப்படிக் கொடுப்பேன்? அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முதலாளியிடம் போய், "எனக்கு இன்னிக்கு எழுத்தே தெரியலைங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். உடம்பு சரியில்லை என்று ஒரு லீவு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நானும் யோசிக்காமல் பேனாவை எடுத்து மளமளவென்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்துவிட்டுச் சரியா என்று பார்த்தால், நான் எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. அப்போதுதான் என் கையிலிருந்து வந்தது, மை காயவில்லை, ஆனால் அதுவும் அந்தப் பாஷையில்தான் இருந்தது. முதலாளி வாங்கி வாய்விட்டுப் படித்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. நான் மனதில் நினைத்த அதே வார்த்தைகள். அவர் சீட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி சீட்டைப் பார்க்கிறார். என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்றால், நான் என்று இத்தனை நாள் யாரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பின்தலைப் பக்கம் மிகச் சின்ன ரத்தக்குழாய் ஒன்று ராத்திரி தூக்கத்தில் அடைத்துக்கொண்டதாம். எதனால் என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். கொதிப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. படிக்கிற வேலையும் எழுதுகிற வேலையும் தலைக்குள் வேறு வேறு இடத்தில் நடக்கிறதாம், எனக்குப் படிக்கிற பக்கம் வழி அடைபட்டுவிட்டதாம். எப்போது திறக்கும், திறக்குமா என்பதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் எழுதுவதைப் பார்க்க மற்ற டாக்டர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாறு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இருபத்திரண்டு வருடம் உங்கள் கையெழுத்தையெல்லாம் படித்த பாவம்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். கடைப் பலகைகள் ஒன்றும் என்னிடம் பேசவில்லை. இத்தனை வருடமும் அவை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன என்பது, வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அழகான தெரு அது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

வந்து பார்த்தால் மேஜை மேல் உங்கள் கடிதம். எனக்கு இப்படி ஆன அன்றைக்கு மத்தியானமே வந்திருக்கிறது.

நான் என்ன கேட்டு எழுதியிருந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. துறைமுகத்துக் கிரேன் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, வீட்டோடு வந்துவிடுகிறீர்களா, இல்லை இன்னொரு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா என்று கேட்டிருந்தேன். நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அதற்கான பதில் என் கையில் இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை. மகள், "நான் படிக்கிறேம்மா, படிச்ச உடனே மறந்துடறேன்" என்கிறாள். அந்த வாயாடிக்கு மறக்குமா? அவளிடம் கொடுக்கவில்லை. நீங்கள் எனக்குச் சொல்லும் பதில் இன்னொரு வாயிலிருந்து வரக் கூடாது, அது மகள் வாயாக இருந்தாலும்.

மறுநாள் காலை, சும்மா, உங்கள் கடிதத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். பால்பாயிண்ட் பேனாவை உழுகிற மாதிரி அழுத்தித்தான் எழுதுவீர்கள், மறுபக்கம் கைக்குத் தட்டுப்படும். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, நீங்கள் எழுதிய வழியிலேயே இழுத்துக்கொண்டு போனேன். சுழித்து, இறங்கி, திரும்பி மேலே வந்ததும், வாய் தானாக அந்த எழுத்தைச் சொன்னது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு என் விரல் வாசித்துக் காட்டுகிறது!

ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து நான் படித்தது என்ன தெரியுமா? "நலம், நலமறிய ஆவல்." இதற்கா இந்தப் பாடு என்று முதலில் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடமாக எல்லாக் கடிதத்திலும் இதையே எழுதுகிறீர்கள், நானும் ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை, தாவித்தான் போயிருக்கிறேன். இந்தத் தடவை தாவ வழியில்லை. 'ஆவல்' என்ற சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. நீங்கள் எங்கேயோ உட்கார்ந்து, கை நோக, அந்தச் சொல்லை எழுதியிருக்கிறீர்கள். விரல் அதே வழியில் போகிறது, உங்கள் கைக்குள் என் கை இருக்கிற மாதிரி. அழுதுவிட்டேன்.

நேற்று இந்தக் கடிதத்தை எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை. எழுதிய வரியில் மறுபடி ஏறிவிடாமல் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கண்ணுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிகிறது என்று சொன்னேனா? சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையே சொல்வது எனக்குப் புதிதும் இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு வரி, நல்ல நாள் என்றால் மூன்று. முழங்கால் வலி படித்தேன். அறையில் கூட இருப்பவரின் குறட்டை படித்தேன். கிரேன் மேலே காற்று அடித்தால் கூண்டு ஆடும், அப்போது என் ஞாபகம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது திட்டா, கொஞ்சலா என்று யோசிப்பதிலேயே ஒரு நாள் போனது. நேற்று மாலை முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன். "நீ கேட்டதைப் பற்றிப் பத்து நாள் யோசித்தேன்" என்று இருக்கிறது. அங்கே விரலை எடுத்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பவில்லை.

உடம்பைக் காட்டி உங்களை இழுத்தேன் என்று இருக்கக் கூடாது, அதனால்தான் போனில் மூச்சு விடவில்லை. மகளையும் சத்தியம் வாங்கி அடக்கி வைத்திருக்கிறேன். இப்போது அந்த ரோஷமெல்லாம் போய்விட்டது. இழுத்ததாகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது கிடைத்ததும் போனில் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தில் வருகிறேன் என்று எழுதியிருந்தால் நல்லது. வரவில்லை என்று எழுதியிருந்தால், என் விரல் அந்த வரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் வந்துவிடுங்கள். நான் எவ்வளவு மெதுவாகப் படிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் படிக்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி