டில்டா கூடத்துக்குள் போன வெள்ளிக்கிழமை

விஸ்கான்சின்,
ஏப்ரல், சனிக்கிழமை காலை.

அன்பு மகள் காரினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் தங்கை டில்டாவும் இங்கே சுகம், மாடுகளும் சுகம், டிராக்டருக்கு மட்டும்தான் சீக்கு. அதற்கும் கிட்டத்தட்ட என் வயது என்பதால் அதைத் திட்ட மனம் வரவில்லை. அங்கே அலாஸ்காவில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. டில்டாவுக்கு வீட்டில் வந்து உதவும் நேரத்தை அரசாங்கத்தில் குறைத்துவிட்டால் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், ராஜினாமாக் கடிதம் தயார் என்று எழுதியிருக்கிறாய். முதல் காரியமாக அதைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டாயா? இனி மேலே படி. நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும், நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் ருசி. இந்த இரண்டு வாரமாக இதை யாரிடம் சொன்னாலும் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேனாம், பால் லாரிக்காரர் என்னைக் கண்டாலே எஞ்சினை அணைக்காமல் ஓடப் பார்க்கிறார். நீ எங்கேயும் ஓட முடியாது.

பா நியாவை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். லாவோஸ் மலைகளிலிருந்து வந்து இங்கே குடியேறிய மொங் இனத்துக் குடும்பத்துப் பெண், இருபத்துநாலு வயது, என் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். மூன்று வருடம் வரிசையில் காத்திருந்த பிறகு போன மே மாதம் டில்டா மாதிரி ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான மாநில உதவித் திட்டத்திலிருந்து அவளை அனுப்பினார்கள், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். சம்பளம் அரசாங்கத்திடம் வாங்குகிறாள், கடி டில்டாவிடம் வாங்கினாள், முதல் மாதத்தில் மட்டும் இரண்டு. ஜூன் மாதம் ஒரு நாள் டில்டா அவள் பக்கத்தில் போய் அவள் தலைமுடியை மோந்து பார்த்தாள், பார்த்துவிட்டு அவள் மடியில் சாய்ந்துகொண்டாள், அத்தோடு சரி, கடி நின்றது. டில்டா ஓடைப் பக்கம் ஓடிவிடுகிறாள் என்பதற்காக வீட்டைச் சுற்றி வேலி போட்டதும் அந்தத் திட்டத்தில்தான். அதற்கு முன்னால் உன் அம்மா ஆறு வருடம் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள் என்பது உனக்குத் தெரியும், அவளுக்குச் சாப்பாட்டு நேரமாவது கிடைக்கட்டும் என்று பள்ளிக்கூடம் முடித்தும் இரண்டு வருடம் நீ வீட்டோடு இருந்தாய். போய்ப் படி என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆள் தேவைப்பட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போனில் இதைச் சொல்ல வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன், படித்துவிட்டுத் தாண்டிப் போ.

இப்போது மீன் விஷயத்துக்கு வருகிறேன். தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு நாம் குடும்பமாகப் போய் எத்தனை காலம் ஆயிற்று? டில்டாவுக்கு மூன்று வயதில் ஒரு தடவை உள்ளே கொண்டுபோனோம், இரும்பு நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர்வில் யாருக்கு மீன் தயார் என்று மைக்கில் சீட்டு எண் கூப்பிடும் சத்தம், அவள் மேஜைக்கு அடியில் புகுந்து அலறியதும், யாரோ ஒருவர் பெற்றவர்கள் கண்டிக்க வேண்டாமா என்று நம் காதில் விழும்படி சொன்னதும், நாம் கோட்டைக்கூட எடுக்காமல் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நான் மட்டும் போய்ப் பெட்டியில் வாங்கி வருவேன், அவள் வண்டிக்குள் உட்கார்ந்து மீனை விட்டுவிட்டு மேலே இருக்கும் மொறுமொறு மாவை மட்டும் உரித்துத் தின்பாள். ஜனவரியில் பா நியா, "ஆர்லன், இவளுக்கு உள்ள போகணும்னு ஆசை இருக்கு, ஜன்னலையே பாக்குறா கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை. பா நியா விடவில்லை. முதல் வாரம் கார் நிறுத்தும் இடத்தில் வண்டிக்குள்ளேயே பத்து நிமிடம். அடுத்த வாரம் இறங்கி நின்றார்கள், அந்தக் குளிரில். மூன்றாவது வாரம் கதவைத் தொட்டுவிட்டு வந்தார்கள். பிறகு வியாழக்கிழமை மத்தியானங்களில் ஓர்விலிடம் சாவி வாங்கி, காலிக் கூடத்தில் நாற்காலியை இழுத்து இழுத்து டில்டாவே சத்தம் போட்டுப் பார்த்தாள். நான் மரம் அறுக்கும்போது மாட்டும் சிவப்புக் காதுமூடியை எடுத்துக்கொண்டாள், இனி அது எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஓர்வில் இருக்கிறாரே, இருபது வருடமாக அந்த மைக்கை யார் கையிலும் கொடுக்காத மனுஷன், "எனக்குத் தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிக்கிறேன், அன்னிக்கு ஒரு நாள் சீட்டு நம்பரைப் பலகையில எழுதிப் போடுறேன்" என்றார்.

மார்ச் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காரின், உன் தங்கை உள்ளே போனாள். காதுமூடி, பா நியாவின் கை, தலையைக் குனிந்தபடி நேராக மூலை மேஜைக்கு. உட்கார்ந்தாள். தன் தட்டில் இருந்த மாவையெல்லாம் உரித்துத் தின்றாள், என் தட்டில் இருந்ததை உரித்தாள், அம்மா தட்டில் இருந்ததை உரித்தாள், பிறகு எழுந்து பக்கத்து மேஜைக்குப் போய்ப் பாஸ்டர் எல்மருடைய தட்டில் கை வைத்தாள். அவர் ஜெபத்துக்குக் கூப்பிய கையைப் பிரித்துத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "எடுத்துக்கோம்மா, எனக்கு டாக்டர் எண்ணெய் கூடாதுன்னுட்டாரு" என்றார். அந்த மேஜையில் இருந்த நான்கு பேரும் தட்டைத் தள்ளினார்கள். அவள், பொத்தானை அழுத்தினால் தனக்காகப் பேசும் டேப்லெட்டை எடுத்து, இன்னும், இன்னும் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள், அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. முப்பத்தொரு நிமிடம் உள்ளே இருந்தாள். அம்மா கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்து போய் அழுதுவிட்டு வந்தாள். நான் கண்ணில் கடுகுச் சாந்து பட்டுவிட்டது என்று சொன்னேன், அந்த மேஜையில் கடுகுச் சாந்தே இல்லை என்று பா நியா எல்லார் முன்னாலும் சொன்னாள்.

அந்த சந்தோஷத்தில் மண் விழுந்தது அடுத்த நாளே. வருடத்துக்கு ஒரு முறை கவுண்டி அலுவலகத்திலிருந்து வந்து டில்டாவின் நிலைமையைப் பார்த்து நேரத்தை முடிவு செய்வார்கள், அது செவ்வாய்க்கிழமை. தீவனக் கடையில் ஒருவர், எங்கேயோ ஒரு குடும்பத்தில் பிள்ளை தேறிவிட்டான் என்று பெருமையடித்தார்களாம், உதவியைப் பாதியாக வெட்டிவிட்டார்களாம் என்று சொன்னார். உன் அம்மா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் உத்தரவு போட்டுவிட்டாள், "மோசமான நாளைப் பத்தி மட்டும்தான் பேசணும். மீன்ங்கிற வார்த்தையே உன் வாயிலிருந்து வரக்கூடாது, புரியுதாய்யா?" என்று. எனக்கு மூன்று நாள் பயிற்சி. பால் கறக்கும்போதும் வந்து நின்று கேள்வி கேட்பாள், நான் பெருமூச்சு விட்டு, ரொம்பக் கஷ்டம் என்று சொல்ல வேண்டும். என் பெருமூச்சு மாடு தும்முவது போல இருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை இர்மா ஸ்டெஃபன் என்ற அம்மாள் வந்தார், அறுபதை நெருங்கும் வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, பெரிய கோப்பு. அம்மா எழுதி வைத்திருந்த பட்டியலைப் படித்தாள், தூக்கம், பல் தேய்ப்பது, உடை, பள்ளிப் பேருந்து, எல்லாம் நிஜம்தான். நான் பெருமூச்சு விட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த அம்மாள் சத்துணவுக் கேள்விக்கு வந்து, "மீன் ஏதாவது சாப்பிடுவாளா?" என்று கேட்கும்வரை. காரின், நான் என்ன செய்வேன்? "சாப்பிடுவாளாவா! பாஸ்டர் தட்டுலேருந்தே எடுத்துச் சாப்பிடுவா!" என்று எழுந்துவிட்டேன். அம்மா மேஜைக்கு அடியில் உதைத்தாள், உதைத்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. நான் நிறுத்தவில்லை, கதவைத் தொட்டது, நாற்காலி இழுத்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அம்மா நெற்றியை மேஜையில் வைத்துவிட்டாள். என் சத்தம் கேட்டு டில்டா உள்ளறையிலிருந்து வந்தாள், என்னைப் பார்த்தாள், இர்மாவைப் பார்த்தாள், தன் தலையிலிருந்த காதுமூடியைக் கழற்றி அந்த அம்மாளின் காதில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடி ஒரு பக்கம் சாய, காதில் சிவப்புக் கிண்ணங்களோடு, அந்த அம்மாள் மிச்சக் கதை முழுவதையும் அப்படியே உட்கார்ந்து கேட்டார். கேட்டாரோ இல்லையோ.

அப்புறம் அதைக் கழற்றி வைத்துவிட்டு, "மிஸ்டர் ஹால்வர்சன், பா நியா தினமும் எழுதி அனுப்புறா. முப்பத்தொரு நிமிஷம்னு எனக்குத் தெரியும். கடுகுச் சாந்தும் தெரியும்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேறினால் வெட்டுவார்கள் என்று யார் சொன்னது என்று கேட்டார். அம்மா தீவனக் கடை என்றாள், மிகச் சின்னக் குரலில். அவர், "அவ உள்ள போனதே அந்தப் பொண்ணு வாரா வாரம் குளிர்ல கூட நின்னதாலதான். அந்த நேரத்தைக் குறைச்சிட்டா யாரு நிப்பாங்க? பால் கறக்கிறதை விட்டுட்டு நீங்க நிப்பீங்களா? முடிவு என் ஒருத்தி கையில இல்ல, ஆனா என்ன எழுதணுமோ அதை நான் எழுதுவேன்" என்றார். அப்போதுதான் உன் அம்மா தலையைத் தூக்கி, "அப்படின்னா இதையும் எழுதிக்குங்க" என்றாள். பிப்ரவரியில் ஒரு நாள், பா நியா வராத நாள், பனி வேலி உயரத்துக்குக் குவிந்து கிடந்ததில் டில்டா அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். அம்மா அவளைப் பிடித்தது ஓடைமேல், பனிக்கட்டி மேல், நடு ஓடையில். வேலிக்குப் பக்கத்தில் பிடித்தேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். கால் வைத்த இடமெல்லாம் கீறல் விட்டதாம், படுத்துக்கொண்டே போய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்தாளாம். "இவர்கிட்ட சொன்னா காரினுக்குச் சொல்லிடுவாரு, அவ வந்துடுவா, அப்புறம் போகவே மாட்டா" என்று சொன்னாள். இர்மா பேனாவை மூடி வைத்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகுதான் திறந்து எழுதினார். மீனும் எழுதினார், ஓடையும் எழுதினார்.

பத்து நாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் சாலையோரம் போய் நிற்பேன், பனி உருகி முழங்கால் வரை சேறு. உறை வந்ததும் அங்கேயே பிரித்தேன். ஒரு மணி நேரம்கூடக் குறைக்கவில்லை! வேலியை உயர்த்திக் கொடுக்கிறார்களாம். கோடையில் பிள்ளைகளின் பகல் முகாமுக்கு டில்டாவோடு பா நியாவும் துணைக்குப் போகலாம். அதற்கும் மேலே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுப் பகலும் அவள் டில்டாவைப் பார்த்துக்கொள்வாள், பெற்றவர்கள் ஓய்வெடுப்பதற்காக என்று அச்சடித்தே போட்டிருக்கிறது. நான் ஓடினேன் மகளே, உன் அப்பா நான் ஓடினேன், எத்தனை வருடம் கழித்தோ, ஓடி நடுவழியில் குப்புற விழுந்தேன், சேற்றில் கிடந்தபடியே கடிதத்தை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா எனக்கு மாரடைப்பு என்று நினைத்து வெறுங்காலோடு ஓடி வந்தாள், படித்தாள், என்னைத் தூக்கிவிடாமல் அவளும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இருபது மாடுகள் வேலியோரம் வந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

ஆகவே நீ வேலையை விடாதே. ஆகஸ்டில் விடுமுறைக்கு வா, விருந்தாளியாக வா, மத்தியானம் தூங்கு, ஓடையில் கால் நனைத்துக்கொண்டு இரு, டில்டாவோடு விளையாடத் தோன்றினால் விளையாடு, காவல் காக்க வராதே. அந்தச் சின்ன விமானம் ஓட்டும் பையனைப் பற்றி அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய், எனக்குத் தெரியாத மாதிரியே இருக்கிறேன், ஆனால் அவன் மேகமூட்டத்தில் பறக்கிறவனா இல்லையா என்று மட்டும் விசாரித்து எழுது. கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. ராத்திரி டியூட்டி முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கை பட்டவர்கள் எல்லாம் குணமாகி வீடு போகட்டும். பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று கிறிஸ்துமஸிலேயே சொன்னாய், போனாயா என்று மறக்காமல் எழுது.

இன்றைக்குத்தான் முதல் சனிக்கிழமை. பா நியா டில்டாவை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள், சாயங்காலம் பால் கறக்கும் வரை வீட்டில் ஒரு வேலையும் இல்லை. உன் அம்மா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, நீல உடை போட்டுக்கொண்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள், வண்டியை அவள்தான் ஓட்டுவாளாம். எங்கே போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சாலைக்கு ஏறிய பிறகு சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம்.

ஆயிரம் முத்தங்களுடன், அவசரத்தில்,
உன் அப்பா
ஆர்லன்