நாற்பதில் தேய்ந்த இடம்

என் பிரியமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

“சாரே, நான் போயிட்டா இந்த வண்டிய ஆரு ஓட்டுவா?” என்று ஒரு நாள் கேட்டாய். “வித்துத் தின்னுருவேன், ஏட்டி” என்றேன். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாய்.

சுனாமிக்கு மறு வருஷம், குவைத் ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்து நீ வாங்கிய கார். விற்க எப்படி மனம் வரும்? நீ போன பிறகு, இந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் வேகம் நாற்பதைத் தொட்டதும் வண்டி திக்கும். பார்வதிபுரத்தில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்றே போனது.

மகள் ஃபோனில் அழுதாள். “அம்மா போனது போதும்ப்பா. வண்டிய வித்துருங்க.” நான் மிதிக்கும் விதத்தில்தான் கோளாறு என்று நம்பி, நானும் சரி என்றுவிட்டேன்.

விற்குமுன், என்னிடம் படித்த மெக்கானிக் செல்வனிடம் காட்டினேன். நாம் மிதிக்கும் அளவை எஞ்சினுக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, அதில் மீட்டரை மாட்டினான்.

“சார், பெடலப் பைய அமத்துங்க. இன்னும் பைய.”

ஊசி சீராக ஏறியது. ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி ஏறியது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு ஒரே இடத்தில் கரகரக்குமே, அதுபோலத்தான். அதிகம் உரசுகிற இடம் தேய்ந்துவிடுகிறது.

“அக்கா எப்பவும் ஒரே மிதியிலதான் ஓட்டுவாவளோ?”

“ஆமா. நாப்பது.”

“குவைத்துல ஓட்டுன ஆளா? பறந்திருக்கணுமே சார்!”

பக்கத்தில் உட்கார்ந்து, “பைய போ, பைய போ” என்று வழியெல்லாம் செபமாலை சொன்னவன் நான்தானே. “பயமுன்னா எறங்கி நடந்து வாரும்” என்று கேலி செய்வாய். ஆனால் காலை மட்டும் அழுத்தமாட்டாய். எத்தனை வருஷம் எனக்காக அந்த ஒரே இடத்தில் காலைப் பிடித்து வைத்திருந்தாய்? உனக்கு வேகமாகப் போக ஆசையே வரவில்லையா?

சென்சாரை மாற்றியாயிற்று. வண்டி இப்போது திக்குவதில்லை. விற்கவில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். “பாத்து ஓட்டுங்க” என்று மட்டும் சொன்னாள்.

கல்லறைத் திருநாளுக்குக் குளச்சலில் உன் கல்லறைக்கு நானே ஓட்டி வருவேன். வழியில் ஆளில்லாத இடம் பார்த்து, ஒரு தடவை நாற்பதைத் தாண்டுவேன். இது உறுதி.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்களை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம், “உனக்கு எப்படிப் போகணும்?” என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

உன் வீட்டுக்காரன்,
உன் சார்