தேய்த்த துண்டு

என் பிடிவாதக்காரிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துபோய் ஆய்வகக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டேன். பூட்டித்தான் இருக்கிறது.

லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, போல்ட் செய்ய நம் உலோகக் கலவையைக் கேட்கிறது. எத்தனை வருடம் ஓடினாலும் விரிசல் விடாது என்று நாளை நான் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். நான் இப்போது துறைத் தலைவி. சிரிக்காதே.

இருபது வருடத்துக்கு முன், இந்தக் கலவையின் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தபடி, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நீ கத்தினாய்: "ஏய், இது விரிசல்டி!"

"போடி, பாலிஷ் பண்ணப்ப விழுந்த கீறல். இன்னொரு தடவ தேய்ச்சா போயிடும்" என்றேன் நான்.

தேய்த்தேன். போய்விட்டது. மறுமாதம் நீயும் வேலையை விட்டுப் போய்விட்டாய். இந்தக் கலவை விரிசலே விடாது என்ற ஆய்வுக் கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது.

அந்தத் துண்டை ஏன் இத்தனை காலம் என் மேசை டிராயரிலேயே வைத்திருந்தேன் என்று மட்டும் கேட்காதே. இன்று மதியம் அதைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியின் வெட்டுமுகத்தைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அன்று நான் தேய்த்து மூடியது மேற்பரப்பை மட்டும்தான். உள்ளே நீ சொன்னது அப்படியே இருக்கிறது, மர வேர் மாதிரி கிளை விட்டு.

நாளை கையெழுத்திட மாட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதமும் தயார். மறுபாதியை இன்னும் தேய்க்கவில்லை. அதை நீ வந்து தேய். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை.

இப்படிக்கு,
கீறல் என்று சொன்னவள்