கம்பெனி இல்லாத போர்டு

அன்புள்ள ஒல்லிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மின்னஞ்சல் எதற்கும் நீ பதில் போடாததால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு நம் இயங்குதளக் குழுவில் பெரிய முன்னேற்றம். எந்த மின்சுற்றுப் போர்டில் எந்தச் சில்லு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் சந்தைக்கடையாகக் கிடந்தன அல்லவா? இப்போது கம்பெனிவாரியாகப் பிரித்துவிட்டார்கள். செத்துப்போன கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர், அதை வாங்கிய கம்பெனிக்கு ஒன்று, வாங்கியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டதற்கு இன்னொன்று. இதற்காக நடந்த விவாதத்தை அச்சடித்தால் கட்டிலுக்கு முட்டுக்கொடுக்கலாம்.

உன் போர்டுக்குத்தான் இடமில்லை. நீ கம்பெனி இல்லையாம். ஒருவன் தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நண்பனின் மனைவிக்காகச் செய்ததை எங்கே வைப்பது என்று விதியில் இல்லை. ‘ஆதரவற்றவை’ என்ற ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அந்த ஃபோல்டரையே நீக்குகிறார்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு உன் போர்டு வைத்த பெட்டிதானே அவளுக்கு வாய். விரலால் தட்டினாள், அது பேசியது. என் வாயை மூட உங்கள் ஒருவரால் முடியாமல் ஒரு குழுவே தேவைப்பட்டதா என்று கேட்டாள். அந்தத் தகரக் குரலிலும் நக்கல் குறையவில்லை.

ஃபைலை நீயே வைத்துக்கொள்ளலாமே என்பாய். வைத்திருக்கிறேன். ஆனால் இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதைத் திருத்திப் பொருத்த ஓர் ஆள் வேண்டும். இப்போதைக்கு அது நான். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை என் டாக்டர் மிகவும் கவனமாக உச்சரிக்கிறார். குழுவின் பொதுக் கிடங்கில் இருந்தால், முகம் தெரியாத யாராவது மற்றவற்றோடு சேர்த்து இதையும் திருத்திக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. கேள்வி கேட்பாள்.

இரண்டு பொறுப்பாளர்கள் பெயர் கொடுத்தால் கம்பெனி இல்லாததையும் வைத்துக்கொள்வார்களாம்; பிறகு ஒருவர் மிஞ்சினாலும் போதுமாம். இருவரும் தனித்தனிப் போர்டில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் இந்தப் போர்டு இரண்டுதான். ஒன்று அவளிடம், இன்னொன்று உன் அலமாரியில். தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரே ஒரு பயனாளருக்காகவா என்று அனுதாபத்தோடு கேட்டார். ஆமாம், ஒரே ஒருத்தி என்றேன்.

குழுவினர் அன்று உன்னைப் பேசியது அநியாயம்தான். யாரிடமும் சமாதானமாக வேண்டாம். போர்டைத் தூசி தட்டி மின்சாரம் கொடு. ஓடினால், என் பெயருக்குக் கீழே உன் பெயரைச் சேர்த்துவிடு. பிறகு மேலே என் பெயர் உள்ள வரியை அழித்தாலும் அவள் பேசுவாள்.

நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். முன்பு வாழ்த்தாகச் சொன்னேன், இப்போது வேண்டிக் கேட்கிறேன்.

உன்
குண்டன்

(இந்தப் பெயர் இப்போது என் உடம்புக்குப் பொருந்தாது. ஆனாலும் மாற்றவில்லை. தேடினால் நீ பழைய பெயரில்தான் தேடுவாய்.)